அழுக்குப் பூச்சு

செவ்வாய்க்கிழமை காலையில் ஆறுமுகநயினார் ஏணியேறிப் பரணுக்குள் தலையை நீட்டியபோது, லாரியின் இடது பக்கப் பின்சக்கரத்து மட்கார்டில் சேறு அடித்திருந்தது. அவர் பூசிய சேறு அல்ல. அவர் பூசியது எங்கெங்கே இருக்கிறது, எந்தத் துளி காய்ந்து வெளிறியது, எந்தத் துளி ஈரமாகத் தெரியட்டும் என்று வார்னிஷ் தொட்டு வைத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இது புதியது. விரலால் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே ஈரமாக இருந்தது.

கூரை ஒழுகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். ஜூலை மாதத்துத் தாராவியில் ஒழுகாத கூரை எங்கே இருக்கிறது? அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்துத் தகரத்துக்குப் போன வாரம்தான் தார் பூசியிருந்தார். ஒரு சொட்டுகூட இல்லை. மேசையாகப் போட்டிருந்த பலகையும் காய்ந்து கிடந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். உப்பங்கழிச் சேற்றின் அழுகல் வாடை, அதன்மேல் லேசாகப் பெட்ரோல். பரணில் டர்பன்டைன் உண்டு, தின்னர் உண்டு, ஆளிவிதை எண்ணெய் உண்டு. பெட்ரோல் கிடையாது. கீழே தங்கை அடுப்பு மூட்டுகிற வீட்டில் அதையும் கொண்டுவந்து வைக்க அவருக்கென்ன கிறுக்கா?

லாரி என்றால் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான பொம்மை லாரி. பெட்ரோல் டேங்கர். நிஜ வண்டியில் பதினாறில் ஒரு பங்கு. செம்பூரில் இருந்த ஒரு சினிமா ஸ்டுடியோவுக்காக நயினார் இப்படி வண்டிகள் செய்துகொண்டிருந்தார். கதாநாயகனின் கார் பாலத்திலிருந்து விழுவதும், ரயில் தடம்புரள்வதும், ஜீப் வெடிப்பதும் அவர் கைவேலைதான். தகரம் வெட்டி ஒட்ட வேறு ஆட்கள் கிடைப்பார்கள். பழசாக்குவதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை. புத்தம்புதுப் பொம்மையைப் பத்து வருஷம் ரோட்டில் கிடந்து சீரழிந்த வண்டியாக மாற்றித் தருவார். காமிரா எவ்வளவு கிட்டே வந்தாலும் பொய் தெரியாது. ‘நயினார் அழுக்கு’ என்று ஸ்டுடியோவில் அதற்குப் பெயரே இருந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் நாற்பத்திரண்டு வயது மனுஷன் சின்னப்பிள்ளை மாதிரி பூரித்துப் போவார்.

அந்த அழுக்குக்கு ஒரு வரிசை உண்டு. தின்னர் கலந்து அடிக்கிற பெயிண்ட் காரமானது. அது அடியில் போக வேண்டும். அதற்குமேல் எனாமல். எனாமலுக்குமேல் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசிவிட்டால், மேலே நடக்கிற கூத்து எதுவும் கீழே இறங்காது. அப்புறம் துருவுக்கும் எண்ணெய் வழிசலுக்கும் படம் வரைகிறவர்களின் எண்ணெய்ச் சாயத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து ஓட விடலாம். கடைசியில் தண்ணீர்ச் சாயம், கோந்து, மண். இந்த வரிசையைக் குழப்பிவிட்டு எனாமல்மேல் தின்னரைக் காட்டினால் தீர்ந்தது. பெயிண்ட் கொப்புளித்துத் தோலாக உரிந்து வரும்.

இந்தத் தடவை நடுவில் போக வேண்டிய அரக்குப் பூச்சு இல்லை. மதுவிலக்கு ஊரில் ஸ்பிரிட் கலந்த எதை வாங்கப் போனாலும் கடைக்காரன் ஆளை ஏற இறங்கப் பார்ப்பான். மேசை நாற்காலிக்குப் போடுகிற பாலிஷையே வடிகட்டிக் குடிக்கிறவர்கள் உள்ள ஊர் அது. போன மாதம் போலீஸ் வந்து டின்களை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து சயானிலும் கிடைக்கவில்லை, மாட்டுங்காவிலும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை ஷூட்டிங். மலையேறுகிற காட்ரோட்டில் தீப்பிடித்து உருளப்போகிற வண்டிக்கு அது ஒன்று குறைந்தால் என்ன என்று நயினார் எனாமல்மேலேயே எண்ணெய்ச் சாயத்தை ஓட விட்டார். டர்பன்டைன் சாது. பத்து நாள் காய்ந்த எனாமலை அது ஒன்றும் செய்யவில்லை.

மாதிரிக்கு வண்டி தேடியும் அவர் அலையவில்லை. தங்கை சண்முகவடிவின் புருஷன் இசக்கிப்பாண்டி, டிராம்பேயில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு புனாவுக்கு டேங்கர் ஓட்டுகிறவன். அவன் வண்டியையே அளவெடுத்து, அவன் நம்பரையே போட்டு, டிரைவர் சீட்டில் அவனைப் போலவே ஒரு பொம்மையையும் உட்காரவைத்திருந்தார். மூன்று பேருக்கும் ஒரே அறைதான். கீழே புருஷனும் பெண்சாதியும், மேலே பரணில் இவர். வடிவுக்கு ஐந்து மாதம். அவளையும் அவனையும் விட்டால் நயினாருக்கு இந்த ஊரில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் ஆள் கிடையாது.

அன்று சாயங்காலம் இசக்கிப்பாண்டி வாசலில் கால் கழுவிக்கொண்டே சொன்னான்.

“விடியக்காலம் மாகுல் பக்கம் ஒரு பள்ளத்துல எறக்கிட்டேன் மச்சான். தண்ணின்னு நெனச்சேன், அம்புட்டும் கீச்சடு. பின்னால ஒரு பக்கம் பூரா சேறு அப்பிட்டு.”

“எந்தப் பக்கம்?”

“லெஃப்டு பக்கம். ஏன்?”

நயினார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காலி வண்டி சயான் ரோட்டோரம் நின்றது. மழை ஓய்ந்த நேரம். தெருவிளக்கு அப்போதுதான் எரிந்தது. மட்கார்டுக்கு நேரே குந்தி உட்கார்ந்து பார்த்தார். பொம்மையில் அந்தச் சேற்றுக்கு நடுவே சுண்டுவிரல் நகமளவு சேறு படாத இடம் ஒன்று இருந்தது, ஒரு பக்கம் நெளிந்து. இங்கேயும் இருந்தது. உள்ளங்கை நீளத்துக்கு, அதே பக்கம் நெளிந்து. அவர் எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டினார். தற்செயல் என்று சொல்லிக்கொண்டார். வீடு வந்து சேர்கிறவரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை இசக்கிப்பாண்டி புனாவுக்குப் போய்விட்டான். பதினோரு மணிக்கு வடிவு டீ கொண்டுவந்தாள். வயிற்றைச் சுமந்துகொண்டு பரணுக்கு ஏறக்கூடாது என்று அண்ணன் கட்டளை. ஏணியின் பாதியில் நின்று தம்ளரை நீட்டுவாள். நீட்டியவள் அன்று இறங்கவில்லை. பொம்மை லாரியின் டிரைவர் கூண்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இதுக்கு மண்ணு எங்க எடுத்தீய?”

“மாப்பிள்ள வண்டியிலதான். ஏறுத படியில காஞ்சு கெடந்துது. நிஜ மண்ணு மாரி வேற எதுவும் வராதுட்டி.”

“அவிய கால் வைக்கிற படியிலயா?”

“ஆமா.”

“சட்டைத்துணி?”

“நீதான குடுத்த. அவரோட பழைய காக்கிச் சட்டை.”

“நான் கரித்துணிக்கின்னுல்லா குடுத்தேன்.” அவள் குரல் தணிந்துவிட்டது. “முடி?”

நயினாருக்குச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சீப்பில் சிக்கிக் கிடந்ததை எடுத்திருந்தார். நூலை வைத்தால் விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், மனுஷ முடி பளபளக்காது. தொழில் தெரிந்தவன் யாரும் அதைத்தான் செய்வான்.

“மூஞ்சிகூட அவியளேதான்,” என்றாள் வடிவு.

“வெயில்ல கருத்த நெறம் வரணும்லா. அந்த மண்ணையே சலிச்சு ஒரு சிட்டிகை எனாமல்ல கலந்தேன்.” அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமைகூட வந்தது.

வடிவு ஏணிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது.

“ஊர்ல ஒருத்தன ஒண்ணுமில்லாம ஆக்கணும்னா இந்த மூணுதாண்ணே கேப்பாவ. காலடி மண்ணு, உடுத்துன துணி, தல முடி. நீங்க ஒண்ணு விடாம சேத்து, ஆளையும் செஞ்சு உக்கார வச்சிருக்கீய.”

“ஏட்டி, இது சினிமாப் பொம்மை. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டுக் கண்டதையும் நெனைக்காத. எறங்கு, பாத்து.”

அவள் இறங்கிப் போனபிறகு டீ ஆறிவிட்டது. நயினாருக்குக் கோபம் கோபமாக வந்தது. இருபது வருஷம் பம்பாயில் இருந்தும் இவள் புத்தி மாறவில்லையே என்று கோபம். அந்தப் புத்தியில் பாதி தனக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறதே என்று அதைவிடக் கோபம். இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று ஊசியை எடுத்தார். டேங்கின் பின்புறம், யார் கண்ணிலும் படாத கீழ்மூலையில், ஒரு நேர்க்கோடு கீறினார். அதன் குறுக்கே மூன்று சிறு வெட்டு. எந்த மரக்கிளையும் எந்த மதிற்சுவரும் ஒரு வண்டியில் அப்படிக் கீறாது. மேலே கொஞ்சம் துரு நிறம் தொட்டு வைத்துவிட்டு, மனசு லேசாகிக் கைகழுவினார்.

வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்துக்கு இசக்கிப்பாண்டி வந்தான். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவன் ஒரே புலம்பல்.

“எந்த நாய்ன்னு தெரியல மச்சான். டேங்குக்குப் பின்னால ஆணியால கீறி வச்சிருக்கான். டிப்போவுல அந்தக் கிளார்க்கு என்னைய நிக்க வச்சு வாங்கிட்டான். இம்புட்டு நீளம்.” கையை விரித்துக் காட்டினான். “குறுக்க மூணு வெட்டு. என்ன கணக்குக்குக் கீறுனானோ. அதுவும் நேத்து கீறுனது மாரி இல்ல, துரு ஏறிக் கெடக்கு.”

வடிவு அண்ணனைப் பார்த்தாள். நயினார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோறு கூழாகிவிட்டது.

“சனிக்கிழம எங்க ஓட்டம் மாப்ள?”

“புனாதான். ஃபுல் லோடு.”

“போவாதேயும். லீவு சொல்லிரும்.”

இசக்கிப்பாண்டி சிரித்தான். “உங்க பொம்ம எரியுத அன்னைக்கு நானும் லீவு போட்டு வேடிக்க பாக்கணுமாக்கும்?” என்று கேட்டுவிட்டு மோருக்குத் தட்டை நீட்டினான். அவனிடம் எதைச் சொல்ல, எப்படிச் சொல்ல?

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸிலேயே செம்பூருக்குப் போனார். ஸ்டுடியோவின் பின்பக்கக் கொட்டகையில் மலை தயாராக இருந்தது. சாக்குத்துணியும் பிளாஸ்டரும் வைத்து ஆள் உயரத்துக்குக் கட்டிய மலை, அதைச் சுற்றி மேலேறுகிற ஒரு முழ அகலத்து ரோடு, ரோட்டின் ஓரத்தில் தீக்குச்சிகளை நட்டு வெள்ளையடித்த தடுப்பு. ஒரு இடத்தில் மட்டும் தடுப்பு உடைந்தாற்போல் விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பள்ளத்தில் ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்து, வண்டி விழுகிற இடத்தில் மணலைத் தடவித் தடவிச் சமன் செய்துகொண்டிருந்தான். பெட்ரோல் டின் பக்கத்திலேயே இருந்தது.

மினியேச்சர் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ரஹ்மத்துல்லா மேலப்பாளையத்துக்காரர். விஷயத்தைச் சொன்னால் சிரிப்பார் என்று தெரிந்து, வேலை முடியவில்லை, பத்து நாள் தள்ளிப்போட வேண்டும் என்று மட்டும் நயினார் கேட்டார்.

“எரியுததுக்குத்தானவே செஞ்சீரு. பொண்ணக் கட்டிக் குடுக்குத மாரி மூஞ்சிய வச்சிருக்கீரே,” என்றார் ரஹ்மத்துல்லா. “மூணு காமிரா வாடகைக்கு வருது. தள்ள முடியாது. இன்னைக்கு அஞ்சரைக்கு வேன் வரும், குடுத்து விட்டுரும்.”

“டிரைவர் பொம்மைய எடுத்துட்டுத் தாரேன்.”

“சரியாப் போச்சு. டைரக்டர் சாப்புக்கு அதுதானவே முக்கியம். நெருப்புக்குள்ள கண்ணாடி வழியா மூஞ்சி தெரியணுமாம்.”

திரும்பி வருகிற வழியெல்லாம் நயினார் யோசித்தார். கொடுக்காமல் இருந்துவிட்டால்? ஒளித்து வைத்துவிட்டால்? எத்தனை நாளைக்கு? பரணில் எலி உண்டு. கூரை ஒழுகும். கை தவறிக் கீழே விழும். ஒரு மனுஷன் உயிரை ஒரு பலகைமேல் வைத்து எத்தனை வருஷம் காவல் இருக்க முடியும்? வைத்தது மூன்று பொருள். மூன்றையும் எடுத்துவிட்டால் அப்புறம் அது வெறும் தகரம். எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும். இந்த எண்ணம் வந்ததும் அவருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அவர் கையால் பூசியது, அவர் கையால் எடுக்க முடியாதா?

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் தெருச்சத்தம், பக்கத்து அறை ரேடியோ, பிள்ளைகளின் அழுகை எல்லாம் அமுங்கிப் போயின. பகல் மூன்றரை மணிக்குப் பரணில் விளக்கேற்ற வேண்டியிருந்தது, அந்த விளக்கும் சிம்னிக்குள் நின்று எரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எரிந்தது. கீழே வடிவு வெங்காயம் அரிகிற வாசனை ஏணி வழியாக வந்தது. இசக்கிப்பாண்டி அன்று உள்ளூர் ஓட்டம். ஐந்து மணிக்குள் வந்துவிடுவான்.

நயினார் கூண்டின் மேற்கூரையைக் கழற்றினார். பொம்மை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் துணி. சவர பிளேடால் முதுகுப் பக்கம் மெல்லக் கீறி, இரண்டு பாதியாகச் சட்டையைப் பிரித்தெடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பொம்மையின் முதுகு கதகதப்பாக இருந்தது. இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்த சூடு.

அப்புறம் முடி. சாமணத்தால் ஒவ்வொன்றாக இழுத்தார். பிசினை விட்டு வரும்போது ஒவ்வொரு முடியும் ஒரு சின்னச் சத்தம் போட்டது. மழைச் சத்தத்துக்கு நடுவிலும் அது கேட்டது எப்படி என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. கடைசி முடியும் வந்தபின் வழவழவென்று ஒரு மொட்டைத் தலை.

அப்புறம் மண். படியிலும் மட்கார்டிலும் கோந்தில் ஒட்டியிருந்தது, ஈரத்துணிக்கே வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் கொட்டி மடித்தார்.

மிஞ்சியது முகம். அந்த நிறத்தில் கலந்த ஒரு சிட்டிகை.

டர்பன்டைன் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். அரக்குக் கிடைத்திருந்தால் அந்த மண்ணை எனாமலில் கலக்காமல் அரக்குக்குமேல் தொட்டிருக்கலாம், ஸ்பிரிட்டுக்கு அலுங்காமல் வந்திருக்கும். இல்லை. இனித் தின்னர்தான். அவர் கை மூடியைத் திறந்துவிட்டு நின்றது. சேறும் கீறலும் வண்டிக்குத்தானே வந்தன, ஆளுக்கு ஒன்றும் வரவில்லையே. துணியும் முடியும் போயாயிற்று, பிடிப்பே போயாயிற்று. இது கடைசி. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, தின்னரில் நனைத்து, டின் விளிம்பில் வழித்து, பொம்மையின் நெற்றியில் தொட்டார்.

ஒரே ஒரு தொடுகை.

எனாமல் கொப்புளித்தது. கடுகளவு. அவ்வளவுதான் பரவ வேண்டும்; அவர் எடுத்த தின்னருக்கு அதற்குமேல் பரவ வழியில்லை. பரவியது. நெற்றி சுருங்கியது. சுருக்கம் தானாகவே கீழே இறங்கியது. புருவம் இடம்பெயர்ந்தது. கன்னம் தொய்ந்தது. இடது பக்கம் மட்டும். வாயின் ஒரு ஓரம் தாடைக்கு நழுவியது. விளிம்பில் தோல் பிரிந்து, அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. முதல் பூச்சு. கண் இல்லாத, வாய் இல்லாத வெறும் சாம்பல்.

அவர் ஊதினார். காகிதத்தால் விசிறினார். நின்றது.

பாதி முகம் தொங்கிக்கொண்டு நின்றது. நயினார் கையை எடுத்துவிட்டார். பெயிண்ட் அவருக்குத் தெரியும். இந்த நிலையில் தொடாமல் விட்டால் அப்படியே காயும். சுருக்கத்தோடு காய்ந்தாலும் ஒட்டிக்கொள்ளும். துணி பட்டால் மொத்தமாக வந்துவிடும். தொடக்கூடாது. யாரும் தொடக்கூடாது.

கீழே கதவு திறந்த சத்தம்.

பரணின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தார். யாரோ ஒரு ஆள் உள்ளே வந்து நின்றான். சட்டை இல்லை. தலையில் ஒரு முடி இல்லை. மழைத்தண்ணீர் அந்த மொட்டைத் தலையில் வழிந்து முதுகில் இறங்கியது. வீடு மாறி வந்தவன் என்று நினைத்தார். நினைக்க ஆசைப்பட்டார்.

“வடிவு,” என்றான் அவன். இசக்கிப்பாண்டியின் குரல். அலுப்பான, சாதாரணமான குரல். “துண்ட எடு. சட்டை வழியிலயே ரெண்டாப் பிஞ்சு போச்சு.”

வடிவு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கொடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டே எழுந்தாள். மழை இருட்டில் அவளுக்கு மொட்டைத் தலை மட்டும்தான் தெரிந்தது.

“இது என்ன மொட்ட? கேக்காமக் கொள்ளாம?”

“மூஞ்சி எரியுதுட்டி. என்னமோ பட்டுட்டு. கண்ணத் தொறக்க முடியல, நீயே தொடச்சு வுடு.”

தொடாதே. நயினார் கத்தினார். கத்தியதாகத்தான் நினைத்தார். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. பரண் முழுக்கத் தின்னர் வாடை. கீழேயும் அதே வாடை, அறை முழுக்க. வடிவு மூக்கைச் சுளித்தாள். புருஷனின் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல. துண்டை நெற்றியில் வைத்தாள்.

“வடிவு.” இந்தத் தடவை குரல் வந்தது.

அவள் துடைத்துவிட்டாள். நெற்றியிலிருந்து தாடைவரை, ஒரே இழுப்பு.

துண்டு கனமாக இருந்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்த்தாள். அதில் ஒரு புருவம் இருந்தது. ஒரு கன்னம். மீசையில் பாதி. இரத்தம் இல்லை. அவள் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தலை நிமிரவில்லை.

அவன் நிமிர்ந்தான். மச்சான் குரல் வந்த பக்கம், பரணைப் பார்த்து நிமிர்ந்தான். வலது பக்கம் இசக்கிப்பாண்டி. இடது பக்கம் சாம்பல். வழவழப்பாக, மேடு பள்ளம் இல்லாமல், மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்தோடுகிற சாம்பல்.

“மச்சான்,” என்றது மிச்சமிருந்த பாதி வாய். “இந்தப் பக்கமும் காந்துது. மிச்சத்தையும் தொடைக்கச் சொல்லுங்க.”